நான் இடிக்கவில்லை

என் கார் அன்றைக்கு யாரையும் தொடவில்லை. மறுநாள் காலையில் பாக்கார் ஆராங்கில் வீட்டு வாசலில் குனிந்து முன் பம்பரை விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. மழையில் கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது. அந்தப் பளிச்சை வைத்துக்கொண்டுதான் பத்து வருடத்துக்கும் மேலாக என்னை நானே குற்றமற்றவன் என்று சொல்லிவந்தேன். நான் இடிக்கவில்லை. இந்த இரண்டு சொல்லை மனத்துக்குள் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. நடந்ததை இப்போது எழுதிவிடுகிறேன்.

2014 அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. பிறையில் வேலை முடிந்து செபராங் ஜெயாவில் நெடுஞ்சாலை ஏறும்போது மணி ஆறு தாண்டிவிட்டது. அக்டோபரில் எங்கள் பக்கம் சாயங்காலமானால் மழைதான். சுங்கை டுவா டோலில் நீண்ட வரிசை. டோலைக் கடந்து பெர்த்தாம் தாண்டியதும் வானம் கறுத்து, மழை சாய்த்து அடிக்க ஆரம்பித்தது. எல்லா வண்டியும் விளக்குப் போட்டுவிட்டது. மூடா ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கெடாவுக்குள் வந்த பிறகு, வலது தடத்தில் எனக்கு முன்னால் ஒரு பழைய புரோட்டோன் சாகா. தொண்ணூறில் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் போய் ஒட்டினேன்.

ஒட்டினேன் என்றால் எவ்வளவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். எட்டு மீட்டர், மிஞ்சினால் பத்து. தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி வினாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. முன்னால் இருப்பவர் பிரேக்கை மிதித்தால், என் கண் அதைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பெடலுக்குப் போகவே ஒரு வினாடி ஆகும். அந்த ஒரு வினாடிக்கு 25 மீட்டர் வேண்டும். என்னிடம் இருந்தது பத்து. அதுவும் நனைந்த சாலையில். தொழிற்சாலையில் பதினைந்து வருடம் அளவு பார்க்கிற வேலை செய்தவன் நான். மில்லிமீட்டரில் ஒரு புள்ளி கூடினால் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். இந்தக் கணக்கு எனக்குத் தெரியாதது இல்லை. போட்டுப் பார்க்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

உயர விளக்கை இரண்டு தரம் அடித்தேன். சாகா விலகவில்லை. இடது தடத்தில் ஒரு லோரி தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போனது. அதைத்தான் அவர் முந்திக்கொண்டிருந்தார். அரை நிமிடம் பொறுத்திருந்தால் தானாகவே இடது பக்கம் போயிருப்பார். மறுபடி அடித்தேன். இந்தத் தடவை அணைக்காமல் அப்படியே விட்டேன். அந்த வெளிச்சத்தில் காருக்குள் இருந்ததெல்லாம் தெரிந்தது. பின் கண்ணாடி ஓரத்தில் சரிகை உறை போட்ட ஒரு டிஷ்யூ பெட்டி. முன்னால் இரண்டு தலை. ஓட்டியவர் சொங்கோக் தொப்பி போட்ட ஒரு பெரியவர். பக்கத்தில் துடோங் முக்காடு போட்ட ஓர் அம்மா. அந்த அம்மா திரும்பி, கூசுகிற கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வைக்குப் பிறகும் நான் விளக்கை இறக்கவில்லை.

லோரியின் மூக்கைத் தாண்டிய உடனே பெரியவர் சட்டென்று இடது பக்கம் வெட்டினார். அங்கே, ஓரமாக, மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒருவன் கப்சாய் மோட்டாரில் போய்க்கொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. நானும் அந்த நிமிடம்தான் பார்த்தேன். மோட்டார்க்காரன் பிரேக் பிடித்தான். நனைந்த சாலையில் பின் சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். மோட்டாரின் முன்விளக்கு ஒரு சுற்றுச் சுற்றி என் ஜன்னலில் அடித்துவிட்டுப் போனது. மோட்டார் சறுக்கிக்கொண்டே போய் இரும்புத் தடுப்பில் மோதிய சத்தம் அந்த மழையிலும் கேட்டது.

வலது தடம் எனக்குக் காலியாக இருந்தது. போய்விட்டேன்.

கண்ணாடியில் பார்த்தேன். சாகா ஓரத்தில் நின்று இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தது. லோரியும் நின்றது. பிறகு மழை எல்லாவற்றையும் மூடிவிட்டது. இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்: அவன் விழுந்ததைப் பார்ப்பதற்கு முந்தின அரை வினாடியில், அப்பாடா வழி கிடைத்தது என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அது வந்தது உண்மை.

சுங்கை பட்டாணி தெற்கு டோலில் கார்டைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன். வீட்டில் முறுக்கு மாவு வாசனை. என் மனைவி எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கி, "என்னங்க, இந்த மழையிலயும் சீக்கிரம் வந்துட்டீங்க?" என்றாள்.

"ரோடு கிளியரா இருந்துச்சு," என்றேன்.

அந்த வாரம் மூன்று நாள் தமிழ்ப் பேப்பரும் மலாய்ப் பேப்பரும் வாங்கிப் பார்த்தேன். எங்கள் நெடுஞ்சாலையில் மோட்டாரோட்டி பலி என்று எதிலும் இல்லை. சாவுச் செய்தி இல்லாததால் அவன் சாகவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அதோடு விட்டுவிட்டேன். கால் உடைந்தவன் பேப்பரில் வர மாட்டான். ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாதவன் வர மாட்டான். கை கூடாமல் போனவனும் வர மாட்டான். மலேசியாவில் சாலையில் சாகிறவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். உயிர் தப்பிப் படுக்கையில் கிடக்கிறவர்களை யார் எண்ணுகிறார்கள்? அவன் தமிழனா, மலாய்க்காரனா, வங்காளதேசத்திலிருந்து வேலைக்கு வந்தவனா, எதுவும் எனக்குத் தெரியாது. மஞ்சள் மழைக்கோட்டு மட்டும் தெரியும்.

ஆனால் அந்த இடம் என்னை விடவில்லை. இரும்புத் தடுப்பில் அவன் மோட்டார் மோதின இடத்தில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. தினமும் வேலை முடிந்து அந்த வழியாகத்தான் வர வேண்டும். முதல் சில மாதம் அது வெயிலில் மின்னியது. பிறகு மங்கியது. அடுத்த வருடம் கோட்டின் ஓரத்தில் துரு பிடித்தது. துரு மெல்ல மெல்லப் பரவிக் கோடு முழுக்கச் செம்மண் நிறமாகிவிட்டது. காரில் எத்தனை பேர் இருந்தாலும் அந்த இடம் வரும்போது நான் பேச்சை நிறுத்திவிடுவேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

இதில் எனக்கு மன்னிப்பே கிடையாது என்று நான் நினைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நான் அந்த மோட்டார்க்காரனாக இருந்தவன்.

பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினவர்கள். படிப்பு முடிந்து பிறையில் வேலை கிடைத்தபோது ஒரு பழைய ஹோண்டா வாங்கினேன். ஆறு வருடம் அதில்தான் போய்வந்தேன். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை 1994 செப்டம்பர் 8ஆம் தேதி பிரதமர் மகாதீர் அதிகாரபூர்வமாகத் திறந்துவைத்தார். புக்கிட் காயூ ஈத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரைக்கும் 772 கிலோமீட்டர். எங்களுக்கு அது பெரிய வரம். மோட்டாருக்கு டோல் கிடையாது. ஆனால் ஒரு லோரி பக்கத்தில் போனால் காற்று முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். மழை வந்தால் பாலத்துக்கு அடியில் இருபது பேர் ஒண்டிக்கொண்டு நிற்போம். பின்னால் வருகிற கார் நெருங்கி வந்து லைட் அடித்தால் முதுகெலும்பே குறுகுறுக்கும். முதுகுக்குப் பின்னால் இருக்கிற ஒரு பயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கார் வாங்கின அன்றைக்கே அதை எப்படி மறந்தேன் என்பதுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஒருவேளை மறக்கவில்லையோ என்னவோ. இத்தனை நாள் நான் ஓரமாகப் போனேன், இனிமேல் எனக்கு வழிவிடட்டும் என்ற கணக்காகவும் இருக்கலாம். அப்படித்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

அப்பா ஒரு நாளும் கார் ஓட்டினதில்லை. ஆனால் இடைவெளி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். பால் எடுத்து முடிந்ததும் காண்டாக் கம்பின் இரண்டு பக்கமும் வாளி நிறையப் பாலோடு நிறுவைக் கொட்டகைக்கு வரிசையாக நடப்பார்கள். பள்ளி விடுமுறையில் நான் கூடப் போவேன். மழை பெய்த மறுநாள் செம்மண் சடக்கு வழுக்கும். நான் முன்னால் போகிறவரை முட்டுகிற மாதிரி நடந்தால் அப்பா அதட்டுவார்: "டேய், தள்ளி வாடா. அவரு கால் வழுக்குனா நீ நிக்க எடம் வேணாமா?" ஒருவர் விழுந்தால் அவர் பால் மட்டும்தான் கொட்ட வேண்டும், பின்னால் வருகிறவர் பாலும் சேர்ந்து கொட்டக்கூடாது. அது ஒரு நாள் கூலி. யாரும் அவர்களுக்கு இரண்டு வினாடி விதி சொல்லிக்கொடுக்கவில்லை.

எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். லைசென்ஸ் எடுக்கும்போது படித்தேன். முன்னால் போகிற வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ண ஆரம்பிக்க வேண்டும். நாம் அதே கம்பத்துக்கு வர முழுதாக இரண்டு வினாடி ஆக வேண்டும். மழையென்றால் அதை இரண்டு மடங்காக்க வேண்டும். நெடுஞ்சாலை வேகம் 110 என்றால் இரண்டு வினாடி என்பது அறுபது மீட்டருக்கும் மேல். பரீட்சையில் சரியாக எழுதித் தேறினேன்.

அப்படி இடம் விட்டால் நடுவில் இன்னொருத்தன் நுழைந்துவிடுவான் என்று நான் எல்லாரிடமும் வாதாடுவேன். என் மனைவி, "ஏங்க, கொஞ்சம் தள்ளித்தான் போங்களேன்" என்று சொல்லும்போதெல்லாம் இதே பதில்தான். நுழையட்டும். ஒருவர் நுழைந்தால் அவருக்குப் பின்னால் மறுபடி இரண்டு வினாடி விட வேண்டும், அவ்வளவுதான் நட்டம். பிறையிலிருந்து பாக்கார் ஆராங் வருவதற்குள் பத்துப் பேர் நுழைந்தாலும் இருபது வினாடி. வீட்டுக் கேட்டைத் திறக்கிற நேரம். வேகமாவது நேரத்தை மிச்சம் பிடித்ததா என்றால் அதுவும் இல்லை. இருபது கிலோமீட்டரை 110 வேகத்தில் ஓடினால் பதினோரு நிமிடம். சட்டத்தை மீறி 130-ல் ஓடினால் ஒன்பதேகால் நிமிடம். முன்னால் இருப்பவரை விரட்டி, அவர் பெண்சாதியைப் பயமுறுத்தி, ஒருவனைச் சாலையில் சாய்த்து, நான் சம்பாதித்தது இரண்டு நிமிடம்கூட இல்லை.

நெருங்கி ஓட்டுவதில் இன்னொரு நட்டமும் உண்டு: நெரிசல். ஜப்பானில் யூக்கி சுகியாமா என்பவரும் அவர் குழுவும் 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 230 மீட்டர் வட்டச் சாலையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓடவிட்டார்கள். டோல் இல்லை, சமிக்ஞை விளக்கு இல்லை, விபத்தும் இல்லை. சிறிது நேரத்தில் தானாகவே நெரிசல் வந்தது. நெருங்கிப் போகிறபோது ஒருவர் லேசாகப் பிரேக்கைத் தொட்டாலும் பின்னால் வருகிறவர் இன்னும் கொஞ்சம் அழுத்துகிறார், அவருக்குப் பின்னால் வருகிறவர் அதைவிட அழுத்துகிறார், கடைசியில் யாரோ ஒருவர் நின்றே போகிறார். சுங்கை டுவாவுக்கு முன்னால் எந்தக் காரணமும் இல்லாமல் நின்று நின்று நகர்ந்த எத்தனை சாயங்காலம் நான் கத்தியிருக்கிறேன்! அந்த நெரிசலைச் செய்தவர்களில் நானும் ஒருவன்.

சாகா வலது தடத்தில் போனது தப்பில்லையா என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நெடுஞ்சாலையில் பலகை வைத்திருக்கிறார்கள்: இக்குத் கிரி ஜிக்கா தீடாக் மெமோத்தோங். முந்தவில்லை என்றால் இடது பக்கம் போ. நியாயமான விதி, எல்லாரும் அப்படி ஓட்டினால் பாதிச் சண்டை குறையும். ஆனால் அந்தப் பலகை எனக்கு எழுதிவைத்தது, முன்னால் போகிறவரை நான் தண்டிப்பதற்கு இல்லை. அந்தப் பெரியவர் லோரியை முந்திக்கொண்டுதான் இருந்தார் என்று முன்பே எழுதிவிட்டேன்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவரிடம், யாருக்கோ நடந்த மாதிரி இதைச் சொல்லிக் கேட்டேன். "இடிக்கவில்லை என்றால் சட்டப்படி ஒன்றும் இல்லைதானே, ஐயா?" என்று கேட்டேன். அவர் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆவது பிரிவைப் படிக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து படித்தேன். ஒரு வண்டி சாலையில் இருந்த காரணத்தால் விபத்து நடந்து யாருக்காவது காயம் ஏற்பட்டால், அந்த வண்டியின் ஓட்டுநர் நிறுத்த வேண்டும். 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். அந்தப் பிரிவு, உன் வண்டி மோதினதா என்று கேட்கவில்லை. உன் வண்டி அங்கே இருந்ததா என்றுதான் கேட்கிறது.

என் வண்டி அங்கே இருந்தது.

அந்தப் பிரிவைப் படித்த ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. எனக்காக இல்லை, அந்தப் பெரியவருக்காக. புகார் எழுதியிருப்பார்கள். கவனமில்லாமல் தடம் மாறினார் என்று அவர் பேரில்தான் எழுதியிருப்பார்கள். பின்னால் ஒருவன் உயர விளக்கை விடாமல் அடித்துக்கொண்டு வந்தான் என்று அவர் சொல்லியிருப்பார். யார், என்ன எண் என்று கேட்டிருப்பார்கள். கண்ணைக் கூசவைக்கிற வெளிச்சத்துக்குப் பின்னால் இருக்கிற எண்ணை யாரால் படிக்க முடியும்? அந்த அம்மா கையை வைத்து மறைத்துக்கொண்டு பார்த்தது ஒருவேளை அதற்காகவும் இருக்கலாம்.

வேகத்தைப் பிடிக்க 2012-லிருந்து தானியங்கிக் கேமரா உண்டு. எனக்கே சம்மன் வந்திருக்கிறது, கட்டியிருக்கிறேன். முன்னால் போகிறவர் முதுகில் ஏறி ஓட்டினதற்கு எனக்கு ஒரு சம்மனும் வந்ததில்லை. இருபது வருடத்தில் ஒன்றுகூட.

போன வருடம் என் மகளுக்கு 'பி' லைசென்ஸ் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பினாங்கு போய்விட்டுத் திரும்பும்போது அவள் ஓட்டினாள். நான் பக்கத்தில். முன்னால் போன காருக்கு மிக நெருக்கமாகப் போனாள். "தள்ளிப் போ, அம்மா," என்றேன். "நீங்க இப்படித்தானப்பா ஓட்டுவீங்க. சின்ன வயசுலேர்ந்து பின்னால உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே வரேன்," என்றாள். குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மூடா பாலம் வருவதற்குள் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவியிடம்கூட அதுவரை சொன்னதில்லை. அவள் கேட்டுக்கொண்டே ஓட்டினாள். வேகம் தானாகக் குறைந்தது. நான் சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்க நின்னீங்களாப்பா?"

"இல்ல."

பாலத்தைத் தாண்டினோம். இரும்புத் தடுப்பைக் காட்டலாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பினேன். துருப்பிடித்த தடுப்பு இல்லை. அந்த நீளம் முழுக்கப் புதிய தடுப்பு போட்டிருந்தார்கள், பளபளவென்று. எந்த இடம் என்று எனக்கே அடையாளம் சொல்ல முடியவில்லை. சுங்கை பட்டாணி டோல் வரைக்கும் அவள் பேசவில்லை.

ஆகவே இங்கே எழுதிவைக்கிறேன். 2014 அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை, மாலை ஏழு மணிக்குச் சற்று முன்பு, வடக்கு நோக்கிப் போகும் பக்கம், மூடா ஆற்றுப் பாலத்துக்கும் சுங்கை பட்டாணி தெற்கு டோலுக்கும் நடுவில். சாம்பல் நிற புரோட்டோன் வாஜா. ஓட்டியது நான். மஞ்சள் மழைக்கோட்டுப் போட்டிருந்த தம்பி, நீ எங்கே இருந்தாலும் உன்னை விழவைத்தது அந்தப் பெரியவர் இல்லை. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சுங்கை பட்டாணியிலோ பீடோங்கிலோ குருணிலோ, மழையில் ஒரு மோட்டார்க்காரனை விழவைத்துவிட்டோம் என்று இன்னும் மனம் நொந்துகொண்டிருக்கிற ஒரு பாக்சிக்கை, அவர் வீட்டு மாக்சிக்கை, உங்களில் யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து போய்ச் சொல்லுங்கள். பின்னால் இருந்தவன் ஒத்துக்கொண்டான் என்று சொல்லுங்கள்.